எழுத்தறிவு என்றால் எதுவரைக்கும்? மும்பைத் தமிழ் ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறவர்களோடும் அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாவோடும் பேசும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பெற்றோர் கூட்டத்தில் கேட்டது, ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது கேட்டது, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக வந்தது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டால் எனக்கும் வேலை மிச்சம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும், அதனால் மேலிருந்து படிப்பது நல்லது.

எழுத்தறிவுன்னா எழுதப் படிக்கத் தெரியறதுதானே மிஸ், இதுல புதுசா விரிவாக்க என்ன இருக்கு?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் தெரிந்திருந்தால் எழுத்தறிவு பெற்றவர். ஆனால் இதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது, கவனித்தீர்களா? புரிய வேண்டும், எந்த மொழியாக இருந்தாலும் சரி. வகுப்பில் நாம் பார்ப்பதோ, பாடப்புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் உரக்கப் படிக்கிறானா, சொல்வதை எழுதுதலில் எத்தனை பிழை, அவ்வளவுதான். புரிந்ததா என்று கேட்பதே அபூர்வம்.

விரிவாகப் பார்ப்பது என்றால், தன்னைச் சுற்றி எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும் அதிலிருந்து பிள்ளை விஷயத்தை எடுக்கிறதா, தனக்கு வேண்டியதை எழுதியோ வரைந்தோ சொல்லியோ வெளியே கொண்டு வருகிறதா, எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் ஒரு கேள்வி கேட்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பது. பாடப்புத்தகமும் அதில் ஒன்று. ரேஷன் கடைப் பலகை, மாத்திரை அட்டை, ரயில்வே ஸ்டேஷன் இண்டிகேட்டர், குடும்ப குரூப்பில் வரும் ஃபார்வர்ட் எல்லாமே அதில் சேர்த்திதான்.

அப்போ அ, ஆ சொல்லிக் கொடுக்க வேண்டாமா? டிரெயினிங் போயிட்டு வந்தவங்க எல்லாம் படம் வரையச் சொல்றாங்க, பாட்டுப் பாடச் சொல்றாங்க.

கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. 1986-ல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், அந்த மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கி வருவதுதான் படித்துப் புரிவது. எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். நம் பிள்ளைகள் தமிழை நன்றாகக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள், எழுத்துக் கூட்டத்தான் தெரியவில்லை என்றால் அதைச் சொல்லிக் கொடுக்காமல் பாட்டு மட்டும் பாடிப் பயன் இல்லை. வீட்டில் எழுத்துச் சொல்லித் தர ஆள் இருக்கிற பிள்ளை எப்படியாவது தப்பித்துக்கொள்ளும். மற்ற பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247-ஐயும் சுவர் அட்டையில் வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கே போவேன் என்று உட்கார்ந்தால் வருஷம் ஓடிவிடும். ப, ட, ம மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடுகிறது. அதோடு ஒரு கால் சேர்த்தால் மாமா, பாப்பா, டாட்டா. டாட்டாவைத் தானாகப் படித்த அன்று ஒன்றாம் வகுப்பில் கிளம்பும் சத்தம் இருக்கிறதே, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்ப்பார்.

படத்தைப் பார்த்துக் கதை சொல்றதையும் வாசிப்புன்னு மார்க் போடலாமா?

சேர்க்கலாம், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு ஈடாக வைக்கக் கூடாது. படத்தைப் பார்த்து அடுத்து என்ன நடக்கும் என்று யூகிக்கிற பிள்ளை, கதைக்கு முன்னும் பின்னும் உண்டு என்பதைப் பிடித்துவிட்டது. மேலே சொன்ன பெருக்கலில் அது இரண்டாவது எண். முதல் எண்ணுக்கு அதில் மார்க் கிடையாது.

எங்க பையனுக்குத் தமிழ் எழுத்தே கூட்ட வரலை. ஆனா பஸ் நம்பரைப் பார்த்துக் கரெக்டா ஏறிடுறான். இதுல பெருமைப்பட என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. மும்பை மாநகர பஸ்ஸான பெஸ்ட்டின் முன் பக்கம் எண்ணை, இந்தியும் மராத்தியும் எழுதும் தேவநாகரி லிபியில் போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். தேவநாகரி ஒன்று நம் கண்ணுக்கு ஒன்பது போலத் தெரியும், நாலோ, தலை திறந்த எட்டு மாதிரி இருக்கும். ஊரிலிருந்து புதிதாக வரும் நம் சொந்தக்காரர்கள் முதல் வாரம் இதில்தான் முழிப்பார்கள். உங்கள் பையன் ஓடி வரும் பஸ்ஸில் அதைப் படித்து, மனசுக்குள் மாற்றி, போகிற ஊரோடு பொருத்தி, இதுதான் நம் பஸ் என்று முடிவு எடுக்கிறான். லோக்கல் ரயில் இண்டிகேட்டரில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோவா, சிலதில் மட்டும் நிற்கும் ஃபாஸ்டா என்பதற்கு ஓர் எழுத்து, 12 பெட்டியா 15 பெட்டியா என்று ஓர் எண், நேரம் என நாலு துணுக்குத் தகவலைச் சேர்த்துப் படிப்பதும் இதே திறமைதான். பெரியவர்களே அதில் தப்புவிட்டு, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டித் தாணே வரை போய்த் திரும்பி வருகிறார்கள்.

பெருமைப்பட்டதோடு நிறுத்தினால் பையனுக்கு ஒன்றும் கிடைக்காது, அது உண்மை. அந்த பஸ் போர்டை நினைவிலிருந்து நோட்டில் வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் அதே எண், அதே ஊர்ப் பெயர் தமிழில். சயான், மாஹிம், தாதர். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர் என்பதால் எழுத்தைக் கண்டுபிடிப்பதில் மட்டும் புத்தி போகும். பாடப்புத்தகத்தில் வரும் வயல்வெளியையும் வைக்கோல் போரையும் அவன் பார்த்ததே இல்லை, அதில் இரட்டைப் பாரம்.

வீட்ல பேசுறது ஒரு தமிழ், புத்தகத்துல வேற தமிழ். புள்ள 'அவிய வந்தாவ'ன்னு எழுதினா தப்புப் போடணுமா வேண்டாமா?

முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் போடாதீர்கள். தாராவியில் தமிழர் வீடுகள் பலவற்றில் திருநெல்வேலிப் பேச்சுதான். அந்தப் பிள்ளை தான் பேசுவதைச் சத்தம் சத்தமாகப் பிரித்து எழுத்தாக்கியிருக்கிறது. அதுதான் எழுதக் கற்பதில் கஷ்டமான பகுதி. அதன் மேல் சிவப்பு மையில் கோடு போட்டால், நான் பேசுவதை எழுத முடியாது, எழுதுவது வேறு யாரோ பேசுவது என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடும். அப்புறம் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பிள்ளை சொல்லச் சொல்ல அப்படியே போர்டில் எழுதுவேன். தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கத்துப் பையன் ஒருத்தன் சொன்னது இது: "எங்கம்மா நாலு மணிக்கே இட்லி ஊத்துவா. எங்கப்பா சைக்கிள்ல ஹார்ன் அடிச்சிக்கிட்டே மாட்டுங்கா வரைக்கும் போவாவ. மிச்சம் இருந்தா எனக்கு டப்பால." அவன் சொன்னது என்பதால் எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனவன் "ஹார்ன்" வந்ததும் நின்றான், ஹா மேல் விரலை அழுத்தினான், "மிஸ், இது பாடப் புக்குல இல்லாத எழுத்து" என்றான். அன்றைக்கு ஹ வரிசை பாடமாகிவிட்டது. ஹார்ன், ஹோட்டல், ஹனுமான் என்று பிள்ளைகளே எடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் அதே மூன்று வரியைப் புத்தகத் தமிழில் பக்கத்திலேயே எழுதுவேன். ஊற்றுவார், போவார். எங்கே மாறியிருக்கிறது என்று அவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். "எங்கம்மாவுக்கு எதுக்கு மிஸ் 'வார்'?" என்று அவன் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது, ஆனால் நல்ல கேள்வி. வீட்டில் அப்பாவுக்கு ஒரு மரியாதை, அம்மாவுக்கு ஒரு செல்லம், புத்தகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மரியாதை என்று சொன்னேன். மூன்றாம் வகுப்பிலிருந்து புத்தகத் தமிழைக் கட்டாயம் கேட்கலாம், மார்க்கும் குறைக்கலாம். அதற்குள் இரண்டும் இரண்டு என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கும்.

இந்தியில நாலு க இருக்கு, தமிழ்ல ஏன் ஒண்ணுதான்னு மூணாம் கிளாஸ் பொண்ணு கேக்குறா. என்ன சொல்ல?

கடல், தங்கம், பகல் மூன்றையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். க மூன்று விதமாக ஒலிக்கும். எங்கே எப்படி ஒலிக்கும் என்பதைப் பக்கத்து எழுத்தும் இடமும் சொல்லிவிடும், அதனால் தமிழுக்கு ஓர் எழுத்து போதும். சிக்கல் வருவது வெளியிலிருந்து வந்த சொல்லில். பல், பஸ் இரண்டும் ஒரே ப, சத்தம் வேறு. அங்கே சொல் தெரிந்தால்தான் சரியாகப் படிக்க முடியும். இரண்டு லிபி தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். சென்னையில் இந்தி எழுத்தைக் கற்காமல் வளரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதைக் கேட்பது அபூர்வம்.

நாலு மொழியைக் கலந்து குழப்புனா ஒண்ணுமே உருப்படாதுன்னு எங்க மாமனார் சொல்றாரு.

பேச்சில் கலப்பது குழப்பம் இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, பள்ளியில் மராத்தி என்று ஆளுக்கு ஏற்ப மாற்றிப் பேசும் பிள்ளை குழம்பவில்லை, நீங்கள்தான் குழம்புகிறீர்கள் என்று மாமனாரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

எழுத்து விஷயத்தில் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மூன்று லிபியை ஒரே நேரத்தில் தொடங்கினால் பாரம்தான். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் முதலில் வாசிப்பு பிடிபட்டுவிட்டால், எழுத்துக்கும் சத்தத்துக்கும் உறவு உண்டு என்ற அடிப்படையை இரண்டாவது லிபிக்குத் திரும்பக் கற்க வேண்டியதில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் என்றுதான் சொல்கிறது. மகாராஷ்டிராவில் 2020 சட்டப்படி பள்ளிகளில் மராத்தி கட்டாயம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே மூன்றாவது மொழியாக இந்தி என்று 2025-ல் வந்த அரசாணையை எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் கடைசியில் திரும்பப் பெற்றார்கள். அந்த அரசியலைத் தள்ளி வைத்துவிட்டு, ஆறு வயதில் எத்தனை லிபி என்ற கேள்வியை மட்டும் பார்த்தாலும் என் பதில் ஒன்றுதான்: முதலில் ஒன்று, அது ஓட ஆரம்பித்ததும் அடுத்தது.

நாங்க இங்கிலீஷ் மீடியத்துல போட்டுட்டோம். இது எங்களுக்குப் பொருந்தாதுல்ல?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று படித்துவிட்டு, கதையில் என்ன நடந்தது என்றால் முழிக்கும் பிள்ளைகளை வாரத்துக்கு ஒருத்தரையாவது பார்க்கிறேன். பெருக்கலில் இந்த முறை இரண்டாவது எண்தான் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிஸ் ஆங்கிலத்தில்தான் பேசச் சொன்னார்கள் என்று வீட்டில் அரைகுறை ஆங்கிலம் பேசாதீர்கள். அன்றைய பாடத்தைத் தமிழில் கேளுங்கள், தமிழில் பதில் சொல்லட்டும். கதை புரிந்த பிறகு ஆங்கில வரி தானாக அர்த்தமாகும்.

பெத்தவங்க ரெண்டு பேருக்குமே படிக்கத் தெரியாது. அவங்ககிட்டப் போய் என்ன உதவி கேக்குறது?

அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகரத்தில் லூயிஸ் மோல் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஆசிரியர்களை மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குறை கண்டுபிடிக்க அனுப்பவில்லை, அந்த வீட்டில் என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொண்டு வர அனுப்பினார்கள். விவசாயம், கட்டட வேலை, வியாபாரம், மருந்துச் செடி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏகப்பட்ட அறிவு இருந்தது, அதை வைத்துப் பாடம் அமைத்தார்கள். 1992-ல் இதைப் பற்றி அவர்கள் எழுதியது இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படுகிறது.

நம் பக்கம் தோல் பை தைக்கிற அப்பாவுக்கு ஒரு தோலில் எத்தனை பை வெட்டலாம் என்று அளவு தெரியும். இட்லி போடுகிற அம்மாவுக்கு அரிசிக்கும் உளுந்துக்கும் மழைக்காலத்தில் கணக்கு மாறும் என்று தெரியும். ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டு எழுதட்டும், வரையட்டும். வரத் தயங்கினால் பிள்ளையையே வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். ஆனால் ஒன்று, வருகிறவர் கூலியை விட்டுவிட்டு வருகிறார், காக்க வைக்காதீர்கள்.

அஞ்சு வயசுப் புள்ள மொபைல்ல தானாவே தேடி யூடியூப் பாக்குது. இதுவும் எழுத்தறிவுதானே?

மைக்கை அழுத்திப் பேசித் தேடுகிறது, படத்தைப் பார்த்துத் தொடுகிறது. கைப்பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வீடியோ யார் போட்டது, இது முடிந்ததும் ஏன் தானாக இன்னொன்று வருகிறது, நடுவில் வந்தது கதையா விளம்பரமா என்று கேட்டுப் பாருங்கள். கதையையும் விளம்பரத்தையும் பிரித்துச் சொல்லத் தொடங்கினால் அப்போது பேசலாம்.

ஏழு எட்டு வயசுப் புள்ளைங்ககிட்ட 'விமர்சனமா படி'ன்னா நடக்கிற காரியமா?

வார்த்தைதான் பெரியது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் ஃப்ரீபாடி, லூக் என்ற இருவர், வாசிக்கிறவருக்கு நாலு வேலை என்றார்கள்: எழுத்தை உடைப்பது, பொருள் எடுப்பது, அதைப் பயன்படுத்துவது, எழுதியவரின் நோக்கத்தைப் பார்ப்பது. முதல் மூன்று முடிந்த பிறகுதான் நாலாவது என்று நினைப்பதால்தான் அது கல்லூரிப் பாடமாகிவிடுகிறது. நாலும் சேர்ந்தே நடக்கலாம்.

ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் போதும். முன்னால் என்ன படம் என்று கேளுங்கள், முழு மாம்பழம், பளபளவென்று. பின்னால் திருப்பினால் பொடி எழுத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பல பாக்கெட்டில் முதல் சொல் தண்ணீர்தான். பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், நீங்கள் படித்துத் தமிழில் போர்டில் எழுதுங்கள். "அப்போ மாம்பழத்தை ஏன் பெருசா போட்டாங்க?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட்டின் பழைய கவரும் புதுக் கவரும் கிடைத்தால் இன்னும் நல்லது. விலை அதே ஐந்து ரூபாய், கிராம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் கணக்கும் வந்துவிடும், கோபமும் வந்துவிடும்.

நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தைன்னு மேலே இருந்து கேக்குறாங்க. நாங்க பஸ் போர்டு, பாக்கெட்டுன்னு போனா ரிப்போர்ட்ல என்ன எழுதுறது?

2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் என்ற அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தின் இலக்கு, மூன்றாம் வகுப்பு முடிவில் புதிதாகப் பார்க்கும் பத்தியை நிமிஷத்துக்குக் குறைந்தது 60 சொல் வீதம் சரியாகப் படிப்பது. வேகம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்து எழுத்தாக நின்றால் வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தில் ஐந்து சொல்லாக வருவது தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களிடம்" என்று ஒரே சொல்லாகிவிடும். அதனால் ஒரு மொழியின் எண்ணை இன்னொரு மொழிப் பிரிவின் எண்ணோடு ஒப்பிட்டுத் தமிழ்ப் பிரிவு மந்தம் என்று சொன்னால், தயங்காமல் இந்தச் சொல்லை எழுதிக் காட்டுங்கள்.

ரிப்போர்ட்டுக்கு எளிய வழி உண்டு. 1990களில் இந்த மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமப்புறங்களில் எடுக்கும் அசர் ஆய்வில் ஒரே தாளில் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நாலு படி வைத்திருப்பார்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துச் சில நிமிஷத்தில் எந்தப் படி என்று பார்த்துவிடலாம். அதே போல் தாள் ஒன்றை நீங்களே தயாரித்து மாதம் ஒருமுறை பாருங்கள். கூடவே கதையில் இரண்டு கேள்வி, ஒன்று கதையில் நேராக இருப்பது, இன்னொன்று யோசித்துச் சொல்வது. பஸ் போர்டு வழியாகப் போனாலும் படி ஏறியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஏறவில்லை என்றால் நம் முறையை மாற்ற வேண்டியதுதான்.

நாப்பது புள்ளைங்க, ஒரு ரூம், முப்பத்தஞ்சு நிமிஷ பீரியட். இதெல்லாம் எப்போ செய்யறது?

கல்வி உரிமைச் சட்டப்படி ஆரம்ப வகுப்புகளில், சின்னப் பள்ளி என்றால் சுமார் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 200 பிள்ளைக்கு மேல் இருக்கும் பள்ளி என்றால் 40-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் பள்ளியில் அதை மீறியிருந்தால் அது முறையீடு செய்ய வேண்டிய விஷயம், அதையும் செய்யுங்கள். அதுவரைக்கும், தினமும் ஒரே ஒரு பிள்ளை சொல்வதைப் போர்டில் எழுதுங்கள், எல்லோரும் அதையே படிக்கட்டும். பாடப்புத்தகத்தை விட வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும்.

எல்லாத்தையும் எழுத்தறிவுன்னு சொல்லிட்டா, படிக்கத் தெரியாத புள்ளையை 'அவனுக்கு வேற திறமை இருக்கு'ன்னு தள்ளிவிட வசதியாப் போயிடாதா?

போகும். போய்க்கொண்டும் இருக்கிறது. "அவன் கைவேலையில் கெட்டி", "இவள் நன்றாக ஆடுவாள்" என்று பிராகிரஸ் கார்டில் எழுதி ஐந்தாம் வகுப்பு வரை ஏற்றிவிடுகிறார்கள். யாருடைய பிள்ளைக்கு இப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். மாட்டுங்கா அபார்ட்மெண்ட் பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை என்றால் அடுத்த நாளே டியூஷன் ஏற்பாடாகிவிடும், அங்கே யாரும் வேறு திறமை பேசுவதில்லை. செருப்புத் தைக்கிறவர் பிள்ளைக்கும் குப்பை பிரிக்கிறவர் பிள்ளைக்கும்தான் இந்தப் பெருந்தன்மை.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பஸ் போர்டு, இட்லிக் கணக்கு, அப்பாவின் தோல் வெட்டும் அளவு எதை வகுப்புக்குள் கொண்டு வந்தாலும், அது அச்சிட்ட ஒரு பக்கத்தைத் தானாகப் படிக்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டு போகிறதா? போகிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அந்தப் பக்கத்துக்குப் பதிலாக வைக்கிறீர்கள் என்றால் அது ஏமாற்று வேலை, எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும்.

இவ்வளவும் செஞ்சும் எழுத்தே பிடிபடாத புள்ளைங்க இருக்கே, அவங்களை என்ன செய்ய?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். மூன்றாம் வரிசையிலிருந்து போர்டு தெரியாத பிள்ளையை மக்கு என்று வருஷக் கணக்காகத் திட்டியது பல இடத்தில் நடந்திருக்கிறது. பள்ளி மாறியதா, ஊருக்குப் போய் மாதக் கணக்கில் வராமல் இருந்ததா என்றும் பாருங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்து, வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறது, எழுத்து மட்டும் நிற்கவே இல்லை என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். டிஸ்லெக்சியா போன்றவற்றை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பட்டியலில் சேர்த்திருக்கிறது, சான்றிதழ் இருந்தால் தேர்வில் சலுகைகள் கிடைக்கும். தாராவிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகளையும் கடைசி இரண்டு வருஷ மார்க் ஷீட்டையும் எடுத்துப் போங்கள், வீட்டில் என்ன மொழி, பள்ளியில் என்ன மொழி என்று வகுப்பு ஆசிரியரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ் வழிப் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் முடிவு தப்பாகப் போகும், அதனால் எந்த மொழியில் சோதிப்பார்கள் என்று முதல் நாளே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.